ஊர்ச் சேனலில் அரை மணி நேர நட்சத்திர நிகழ்ச்சி: வெளிநாட்டு வடிவத்தை நெல்லைக்கு அளவெடுத்துத் தைப்பது எப்படி

மாலை ஏழு மணிக்குத் திருநெல்வேலியில் ஊர்ச் சேனலைத் திருப்பினால் என்ன ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் படம் வரும். அதற்குக் கீழே தாத்தா பாட்டியில் தொடங்கி அத்தை மாமா வரை பெயர்கள் வரும். அடுத்து ஏதாவது ஒரு கோயில் கொடைத் திருவிழாவின் பதிவு, நடுநடுவே நகைக்கடையும் ஜவுளிக்கடையும், கீழே ஓடும் எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இந்த வரிசைக்குள் சினிமாக்காரர்களைப் பற்றி அரை மணி நேரம் புகுத்தினால் விளம்பரம் கூடும் என்ற எண்ணம் சேனல் நடத்துபவர்களுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கைப்பேசியில் ஓர் அமெரிக்க நிகழ்ச்சியின் துண்டைக் காட்டி, "இதே மாதிரி நமக்கு ஒண்ணு வேணும் அண்ணாச்சி" என்று என்னிடம் கேட்டவர்கள் சிலர் உண்டு. அவர்களில் இருவருக்கு நான் அதைச் செய்தும் கொடுத்திருக்கிறேன். முதல் முறை கெடுத்தேன், இரண்டாம் முறை ஓரளவு தேறியது. இந்தக் குறிப்புகள் அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் எழுதப்படுபவை.

வெளிநாட்டு நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதை எடுத்துக்கொள்கிறார்கள்: கண்ணாடி மேசை, நீலமும் சிவப்புமான பின்னணி, ஒவ்வொரு படத்துக்கும் 'டுஷ்' என்ற ஒலி, மூச்சுவிடாமல் பேசும் தொகுப்பாளர். அந்த நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஓடவைத்தது அதன் நேரக்கணக்கு. எந்த நிமிடத்தில் எதை வைப்பது, எதை எவ்வளவு நேரத்தில் முடிப்பது என்ற கணக்கு. அதை எடுத்துக்கொண்டு, பேசும் தோரணையை நம் ஊரிலிருந்தே எடுப்பதுதான் நான் பரிந்துரைக்கும் வழி.

முதலில் மூலத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நோட்டும் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சும் போதும். எந்த நிகழ்ச்சியைப் பின்பற்ற நினைக்கிறீர்களோ அதன் மூன்று பாகங்களைப் பார்த்து, ஒவ்வொரு துண்டும் எத்தனை வினாடி, அதில் பேசுவது யார், படம் எங்கிருந்து வந்தது என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். அரை நாள் வேலை இது. இதைச் செய்யாமல் அரங்கத்துக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கினால் பணம் வீண்.

எழுதி முடித்ததும், அந்த வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் 'என்டர்டெயின்மென்ட் டுநைட்' 1981 செப்டம்பரில் தொடங்கியபோது, செயற்கைக்கோள் வழியாக அன்றன்றைய நிகழ்ச்சி அன்றன்றே நாடு முழுவதும் உள்ள நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை இத்தகைய நிகழ்ச்சிகள் நாடாவாகத் தபாலில்தான் நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே சினிமாச் செய்திக்கும் அன்றாடச் செய்தியின் தோற்றம் கொடுக்க முடிந்தது. மேசையும் இரண்டு தொகுப்பாளர்களும் தலைப்புச் செய்தியும் அந்தத் தோற்றத்துக்காக வந்தவை. 2007-இல் வந்த 'டி.எம்.இசட்.' தொலைக்காட்சி நிகழ்ச்சி மேசையையே தூக்கி எறிந்தது. அது 2005-இல் தொடங்கிய அதே பெயருள்ள கிசுகிசு இணையதளத்தின் அலுவலகத்தையே அரங்கமாக்கியது. ஊழியர்கள் தங்கள் இருக்கைகளிலிருந்தே செய்தியைச் சொல்ல, ஆசிரியர் ஹார்வி லெவின் நின்றபடி கேட்டுக் கேள்வி போடுவார். படங்களில் பெரும்பகுதி விமான நிலையத்திலும் உணவகத்து வாசலிலும் சிறிய கேமராவில் எடுத்தவை. தென்கொரியாவில் கே.பி.எஸ். தொலைக்காட்சி 1984-இல் தொடங்கி 2019 வரை நடத்திய வாராந்தர நிகழ்ச்சியில் 'கெரில்லா டேட்' என்று ஒரு பகுதி இருந்தது. நட்சத்திரத்தைக் கடைத்தெருவில் நடக்கவிட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே பேட்டி எடுப்பார்கள்.

இந்த மூன்றில், கையில் காசில்லாத ஒரு நெல்லைச் சேனலுக்கு முதலாவது பொருந்தாது. தலைப்புச் செய்தித் தோற்றத்துக்கு நாள்தோறும் புதிய படம் வேண்டும், நம்மிடம் இல்லை. இரண்டாவதில் அரங்கச் செலவு கிடையாது என்பது கவர்ச்சியாகத் தெரியும். அதன் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன். மூன்றாவது நமக்கென்றே தைத்ததுபோல இருக்கிறது.

எது யாருக்குச் சொந்தம்

"வடிவத்தைக் காப்பியடித்தால் கேஸ் வருமா?" என்பதுதான் எல்லா உரிமையாளரும் கேட்கும் முதல் கேள்வி. 1989-இல், காமன்வெல்த் நாடுகளின் மேல்முறையீடுகளைக் கேட்கும் இங்கிலாந்தின் பிரிவி கவுன்சிலுக்கு ஒரு வழக்குப் போனது. ஹியூயி கிரீன் என்பவர் நடத்திய ஒரு திறமைத் தேடல் நிகழ்ச்சியை நியூசிலாந்து ஒலிபரப்புக் கழகம் அதே பெயரில், அதே பாணியில் நடத்தியது. கிரீன் வழக்குத் தொடுத்துத் தோற்றுப்போனார். தொடர்ந்து வரும் சில பாணிகளின் தொகுப்பு மட்டும் காப்புரிமைக்குரிய படைப்பு ஆகிவிடாது என்றது தீர்ப்பு. நம் நாட்டிலும் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று சொன்னது. ஆனால் ஒருவர் நம்பிக்கையில் உங்களிடம் காட்டிய விரிவான திட்டத்தை எடுத்துக்கொண்டால் கதை வேறு. 2002-இல் தில்லி உயர் நீதிமன்றம் அனில் குப்தா வழக்கில், சுயம்வரம் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சித் திட்டத்துக்கு அத்தகைய பாதுகாப்பைக் கொடுத்தது.

நடைமுறையில் இதன் பொருள்: அலுவலகத்தில் நின்று பேசுவதோ தெருவில் நடந்து பேட்டி எடுப்பதோ எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அவர்களுடைய பெயர், முத்திரை, தொடக்க இசை, எழுத்துவடிவம், வரிக்கு வரி எழுதிய உரை ஆகியவை சொத்து. நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் தலைகீழ். முத்திரையையும் இசையையும் அப்படியே எடுத்துக்கொண்டு அமைப்பை விட்டுவிடுகிறார்கள்.

தூரம் என்ற சிக்கல்

இனி இந்த வழிகாட்டியின் கனமான பகுதி. வெளிநாட்டுக் கிசுகிசு நிகழ்ச்சி ஓடுவதற்கு ஒரு தூரம் வேண்டும். பேசப்படும் நடிகை கடற்கரை மாளிகையில் இருக்கிறாள். பார்ப்பவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் சமையலறையில் இருக்கிறார். இருவரும் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. சென்னைச் சேனல்களுக்கும் ஏறக்குறைய அந்தத் தூரம் உண்டு. நமக்கு இல்லை. ஊர்ச் சேனலில் வரும் ஆள் மறுநாள் காலையில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் உங்கள் பக்கத்தில் நிற்பார்.

என் முதல் நிகழ்ச்சியில் இதை நான் உணரவில்லை. சினிமா நட்சத்திரம் கிடைக்காத வாரங்களில் ஊர்ப் பிரபலங்களை வைத்து நிரப்பினோம்: இன்னிசைக் கச்சேரிப் பாடகர், கரகாட்டக் கலைஞர், பட்டிமன்றப் பேச்சாளர். தமிழ் வார இதழ்களின் பழக்கப்படி பெயரைச் சொல்லாமல் எழுத்தைச் சொல்வது எங்களுக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை, 'சு'வில் தொடங்கும் கச்சேரிப் பாடகி ஒருத்தியின் குடும்பத்தில் குழப்பம் என்று இரண்டே வரி சொன்னோம். சனிக்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னோம், வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. "அண்ணாச்சி, எம் மவ பேரும் 'சு'ல தான் ஆரம்பிக்கி. நேத்து ராத்திரி சம்பந்தி வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் சொன்ன பெண் அவர் மகள் அல்ல. அதைச் சொல்லிச் சமாதானப்படுத்தவும் வழியில்லை. சொன்னால், அப்படியானால் அது யார் என்ற கேள்வி அடுத்து நிற்கும். நிகழ்ச்சி அந்த வாரத்தோடு நின்றது.

சென்னையில் ஓர் எழுத்தைச் சொன்னால் நூறு பேரில் ஒருவரைத் தேடும் விளையாட்டு. நெல்லைச் சீமையில் கச்சேரிக்குப் பாடும் பெண்கள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? அந்த எழுத்து உள்ள அத்தனை பேர் வீட்டுக் கதவையும் அது தட்டும். சட்டமும் இந்த உத்தியைக் காப்பாற்றாது. கேபிள் தொலைக்காட்சி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறை, அவதூறோடு சேர்த்துப் பொய்யான மறைமுகக் குறிப்புகளையும் அரை உண்மைகளையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவும், கிண்டலாகச் சொன்னாலும் அவதூறு அவதூறாகலாம் என்கிறது; தண்டனை இரண்டு ஆண்டு வரை போகும். உண்மையைத்தானே சொன்னோம் என்பதும் எப்போதும் கை கொடுக்காது. ஆட்டோ சங்கரின் தன்வரலாறு தொடர்பாக 'நக்கீரன்' நடத்திய வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை போன்றவற்றை அவர் சம்மதமின்றி வெளியிடுவது, சொல்வது உண்மையே ஆனாலும், தனியுரிமை மீறல் என்றும், பொது ஆவணத்தில் உள்ளவையே இதற்கு விலக்கு என்றும் வரையறுத்தது. அந்தத் தீர்ப்பின் இந்தப் பாதியை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆகவே என் இரண்டாம் நிகழ்ச்சிக்கு வகுத்த விதிகள் இவை. சினிமாவாலோ மேடையாலோ ஊரறிந்தவராக வாழ்பவரைப் பற்றி மட்டும் பேசலாம். அவர் வேலையைப் பற்றி எதையும் பேசலாம், வீட்டைப் பற்றி அவரே கேமரா முன் சொன்னதை மட்டும் பேசலாம். பெயர் சொல்ல முடியாத செய்தி, செய்தி அல்ல. குழந்தைகள் எப்போதும் வெளியே.

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தால் காரம் இருக்குமா என்று உரிமையாளர் கேட்பார். கேட்கட்டும். தமிழில் சினிமா வம்புக்கு வெளிநாட்டுப் பாடம் தேவையே இருந்ததில்லை. 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று வம்புப் பத்திரிகைகள் நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்துப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை போராடி, 1947-இல்தான் விடுதலையாகி வெளியே வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. காரத்தின் விலை என்ன என்று கேட்கும் உரிமையாளரிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

பேச்சை வில்லிலிருந்து எடுங்கள்

அந்த என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டை ஊர்க் கொடையிலிருந்து வெளி மேடைகளுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சிக்கு நம்மிடம் உள்ள சிறந்த அச்சு அந்த வில்லுப்பாட்டுத்தான். கோயில் கொடையில் பார்த்திருப்பீர்கள்: நடுவில் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலோடு புலவர், குடத்தில் ஒருவர், உடுக்கையில் ஒருவர், ஜால்ராவில் ஒருவர். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்திலிருக்கும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். இடையில் கேள்வி கேட்பார். கூட்டத்துக்கு வரும் சந்தேகத்தைக் கூட்டத்துக்கு முன் தானே கேட்டுவிடுவார். சுடலைமாடன் கதையை விடிய விடியக் கேட்டு உட்கார்ந்திருக்கும் மக்களை, அந்த "ஆமா" தூங்கவிடாது.

'டி.எம்.இசட்.' அலுவலகத்தில் நடப்பதும் அமைப்பில் இதுதான். ஒருவர் செய்தியைக் கொண்டுவருகிறார், மற்றவர் கேட்கிறார். ஆனால் அங்கே ஆளுக்காள் நையாண்டி செய்வதில் போட்டி; பேசப்படும் ஆள் அந்த அறையில் எல்லோருக்கும் கீழே இருக்கிறார். நான் முன்பு சொன்ன ஆபத்து இதுவே. அந்தத் தோரணையை நெல்லைத் தமிழில் பேசினால் இரண்டாம் வாரமே திமிர் என்று பெயர் வந்துவிடும். வில்லில் பின்பாட்டுக்காரர் கதையில் வரும் ஆளைக் கீழே வைப்பதில்லை, புலவரைத்தான் மடக்குகிறார். இந்த ஒரு மாற்றம் நிகழ்ச்சியின் குணத்தையே மாற்றிவிடும்.

இதோடு நான் ஒரு கட்டாயம் சேர்த்தேன்: ஒவ்வொரு செய்தியிலும் பின்பாட்டுக்காரர் ஒருமுறையாவது "யாரு சொன்னா?" என்று கேட்க வேண்டும், அதற்குப் படத்தோடு பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி எழுத்துப்படியிலேயே விழுந்துவிடும். ஒரு மாதிரி கொடுக்கிறேன். மூத்தவர் ஆண், பின்பாட்டு இளைய பெண்.

"நேத்து காலையில கல்லிடைக்குறிச்சி ஆத்துப் பாலத்துக்கிட்ட ஒரே கூட்டம் தங்கச்சி."

"ஆமா, என்ன கூட்டம் அண்ணாச்சி?"

"சினிமாப் படம் எடுக்காவன்னு கூட்டம். கதாநாயகன் வந்திருக்காவன்னு ஊரே போய் நின்னாச்சு."

"ஆமா, வந்தாவளா?"

"எங்கே வந்தாவ? வந்தது அவ்வொளுக்கு டூப் போடுத பையன். அவனுக்குத்தான் மாலை, அவனுக்குத்தான் செல்ஃபி."

"யாரு சொன்னா இத?"

"அந்தப் பையனே சொல்லுதான். நீயே கேளு."

இங்கே துண்டு ஓடும். அந்தப் பையன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு, மாலையைக் கழற்றாமலே பேசுவான். நாற்பத்தைந்து வினாடியில் ஒரு நட்சத்திரச் செய்தி முடிந்தது, யாரும் காயப்படவில்லை, ஊர்ப்பெயர் வந்துவிட்டது. ஊர்ப்பெயர் வருவது சிறிய காரியம் அல்ல. கல்லிடைக்குறிச்சியில் அன்று எத்தனை வீட்டில் அதைப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

மொழி பற்றி ஓர் எச்சரிக்கை. 'வே', 'ஏல', 'ஏட்டி' ஆகியவற்றைத் திரைப்படங்கள் அடித்துத் துவைத்துவிட்டன. வரிக்கு ஒரு 'ஏல' போட்டால் நெல்லைக்காரனே சேனலை மாற்றுவான். தொகுப்பாளர்கள் தங்களுக்குள் 'வே' போட்டுக்கொள்ளலாம். விருந்தினரை 'அண்ணாச்சி', 'அக்கா', 'சார்' என்றுதான் அழைக்க வேண்டும், அவர் வயதில் இளையவராக இருந்தாலும்.

இருபத்து நான்கு நிமிடம்

கேபிள் விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்பு. அரை மணிக்கு 6 நிமிடம் போக உங்களிடம் இருப்பது 24 நிமிடம். நான் பயன்படுத்திய ரன்டவுன், அதாவது நிமிட வரிசை, இது: தொடக்கத்தில் 40 வினாடிக்கு அன்றைய மூன்று செய்திகளின் முன்னோட்டம்; முதல் பகுதி 7 நிமிடம், வில்லுப்பாட்டுப் பாணியில் ஐந்தாறு சிறு செய்திகள்; இரண்டாம் பகுதி 8 நிமிடம், நடந்தபடி பேட்டி; மூன்றாம் பகுதி 5 நிமிடம், ஊரின் பழைய சினிமா நினைவு; கடைசிப் பகுதி 3 நிமிடம், பார்வையாளர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய கேள்விக்குப் பதில்; முடிவுரை 20 வினாடி.

முன்னோட்டத்தில் நம்மவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். 'அடுத்து வருவது' என்று நான்கு இடைவேளைக்கும் ஒரே செய்தியை இழுத்து, கடைசியில் அதை 10 வினாடியில் முடிப்பது அமெரிக்க நிகழ்ச்சிகளின் பழைய வித்தை. கையில் ரிமோட்டும் பக்கத்தில் கைப்பேசியும் வைத்திருப்பவர் இரண்டாம் இடைவேளையிலேயே கூகுளில் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எந்த இடைவேளைக்கு முன் சொன்னீர்களோ அது முடிந்த உடனே அந்தச் செய்தி வரவேண்டும்.

மூன்றாம் பகுதி, நான் நேரத்தை நிரப்புவதற்காக வைத்தது. அதுவே அதிகம் பேசப்பட்டது. மூடிப்போன திரையரங்கு ஒன்றின் பழைய ஆபரேட்டர் பெட்டி மாற்றும்போது விரலைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொன்னார். ஒரு பெண்மணி, அம்பாசமுத்திரத்தில் படப்பிடிப்புக்கு வந்த நடிகைக்குத் தன் பட்டுச் சேலையை இரவல் கொடுத்துவிட்டு, அதைத் துவைக்காமலே வைத்திருப்பதைக் காட்டினார். நட்சத்திரம் இல்லாமலே நட்சத்திர நிகழ்ச்சி.

நடந்தபடி பேட்டி

கொரிய வடிவத்தில் கூட்டமே அழகு. நம் ஊரில் சினிமா நட்சத்திரத்தை மாலையில் ரத வீதியில் நடக்கவிட்டால் போலீசை அழைக்க வேண்டிவரும். ஆகவே நேரத்தை மாற்றுங்கள். காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டைத் தெருக்களில் நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும் இருப்பார்கள். அவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள், மொய்க்க மாட்டார்கள். வெளிச்சமும் சாய்ந்து விழும். மேடைக் கலைஞர், கபடி வீரர், நாட்டுப்புறப் பாடகர் என்றால் மாலையே நல்லது. கீழ ரத வீதியில் அல்வா வாங்க நிற்கும் வரிசையோடு அவரையும் நிற்கவைத்துப் பேசலாம். வாழையிலைத் துண்டில் சூடான அல்வா கைக்கு வந்துவிட்டால், மனிதர்களுக்குப் பேட்டித் தோரணை கலைந்துவிடுகிறது. கைப்பேசியையும் எடுக்க முடியாது.

படமெடுக்க இரண்டு கேமரா போதும். ஒன்று முன்னால் பின்நோக்கி நடக்கும். அந்தக் கேமராமேனின் இடுப்பு வாரைப் பிடித்து வழிநடத்த ஓர் ஆள் கட்டாயம், இல்லையென்றால் சாக்கடையில் விழுவார். என்னுடைய ஆள் விழுந்திருக்கிறார். இன்னொன்று பக்கவாட்டில், கூட்டத்தின் முகங்களுக்கு. சட்டையில் குத்தும் மைக் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும். காற்றுக்குப் பஞ்சு உறை போடுங்கள். எட்டு நிமிடத்துக்கு நாற்பது நிமிடம் எடுங்கள். நடை தொடங்கும் முன்பே, எதைக் கேட்கக் கூடாது என்று அவர் நினைக்கிறாரோ அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு தாளில் சம்மதக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

ஒளிந்து எடுக்கும் ஆசை வரும், குறிப்பாகப் பாபநாசம், மணிமுத்தாறு மலைப்பக்கம் படப்பிடிப்பு நடக்கும்போது. அந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு உள்ளே போனால் கிசுகிசுவுக்கு வழக்கு வருவதற்கு முன் வனச்சட்டத்தில் வழக்கு வரும். தயாரிப்பு மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். பத்தில் நான்கு முறை, கதாநாயகனைக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொள்வார்கள். சமையல்காரர், உதவி இயக்குநர், துணை நடிகராக நின்ற உள்ளூர்க்காரர் ஆகியோரை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

படமும் பாட்டும்

ஏழு வினாடி வரை எடுக்கலாம், முப்பது வினாடி வரை எடுக்கலாம் என்றெல்லாம் எடிட்டிங் அறையில் சொல்வார்கள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக்கணக்கே கிடையாது. 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. எது நியாயம் என்பது, அந்தத் துண்டைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. பின்னணியில் சும்மா ஓடவிடும் பாட்டுக்கு அந்த இடம் இல்லை. பட நிறுவனத்தின் மக்கள் தொடர்பாளர் (பி.ஆர்.ஓ.) அனுப்பும் முன்னோட்டத்தையும் புகைப்படங்களையும் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு அதுதான் வேலை, மின்னஞ்சல் சம்மதம் கோப்பில் இருக்கும். இன்ஸ்டாகிராமில் உள்ள படம் நடிகருக்குக்கூடச் சொந்தமாக இராது. எடுத்த புகைப்படக்காரருக்குச் சொந்தமாக இருக்கலாம். தொடக்க இசைக்கு ஓர் உடுக்கைக்காரரையும் குடக்காரரையும் அழைத்து அரை நாள் பதிவு செய்தேன். சம்பளமும் சாப்பாடும் தவிர ஒரு செலவும் இல்லை.

விளம்பரதாரர் விஷயத்தில் ஒன்று மட்டும். நடிகரின் படத்துக்குப் பக்கத்தில் நகைக்கடையின் முத்திரை நின்றால், அவர் அந்தக் கடைக்கு விளம்பரம் செய்வதுபோல ஆகிவிடும். 2015-இல் ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததை நினைவில் வையுங்கள். 'வழங்குபவர்' அட்டை தனித் திரையில் வரட்டும்.

கோப்பும் குறிப்பேடும்

ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் குறிப்பேட்டைக் கேபிள் நடத்துபவர் ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். கேபிள் நிறுவனங்கள் சொந்தமாக ஓட்டும் சேனல்களுக்கென 2022 நவம்பரில் வந்த மத்திய அரசு நெறிமுறைகள், பதிவுகளை 90 நாள் காக்கச் சொல்கின்றன. நான் இவற்றோடு மூன்றாவதாக ஒரு நோட்டு வைத்தேன்: ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, யார் சொன்னது, எப்போது, அந்த ஆளிடம் நாம் கேட்டோமா, என்ன பதில். புகார் வந்தால் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான். தவறு நடந்திருந்தால் திருத்தத்தை அடுத்த நிகழ்ச்சியின் முதல் பகுதியிலேயே, அதே "ஆமா"வோடு சொல்லிவிடுங்கள். பின்பாட்டுக்காரர் மூத்தவரை மடக்குவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதல் மூன்று பாகங்களை ஒளிபரப்பாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். சேனலோடு தொடர்பில்லாத மூன்று வீடுகளில், மாலை ஏழு மணிக்கு, அவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே பார்க்கும்படி ஓடவிடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம். சமையலறையில் இருக்கும் பெண்மணி எந்த நிமிடத்தில் எட்டிப் பார்க்கிறார், வீட்டுப் பையன் எந்த நிமிடத்தில் கைப்பேசிக்குத் திரும்புகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் என் இரண்டாம் பாகம் ஓடியபோது, பதினோராம் நிமிடம் பாட்டி ஒருவர் தறிக்காரர் ஒருவரின் பெயரைக் கேட்டுவிட்டு, "இவ்வொ நம்ம தெருல்லா" என்று ஒலியைக் கூட்டச் சொன்னார். மூன்றாம் பாகத்தின் ரன்டவுனை அன்றிரவே மாற்றி எழுதினேன்.